கிராபிக்ஸ் கார்டை இப்போது மாற்றாதீர்கள்: ஹெட்செட்டுக்குள் தடுமாறும் ஏ320

கேள்வி:

ஐயா, வணக்கம். திருச்சியில் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மைக்ரோசாப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020 என்றால் எனக்கு உயிர். என் கணினியில் ரைசன் 5 5600 பிராசசர், 8 ஜிபி நினைவகம் உள்ள ஆர்டிஎக்ஸ் 4060 டிஐ கிராபிக்ஸ் கார்டு, 32 ஜிபி ரேம் இருக்கின்றன. 2560×1440 மானிட்டரில் எல்லாவற்றையும் உயர்வாக வைத்தாலும் சாதாரணமாக விநாடிக்கு ஐம்பது, அறுபது பிரேம் (படச்சட்டம்) வருகிறது. சென்ற மாதம் துபாயிலிருந்து வந்த அண்ணன் மெட்டா க்வெஸ்ட் 2 விஆர் (மெய்நிகர் காட்சி) ஹெட்செட் கொடுத்தார். யுஎஸ்பி கேபிளில் இணைத்திருக்கிறேன். ஏ320 பயணிகள் விமானத்தை ஓட்டிக்கொண்டு லண்டன் ஹீத்ரோவின் 27 லெஃப்ட் ஓடுதளத்துக்கு இறங்கும்போது பிரேம் இருபதுக்கு விழுந்துவிடுகிறது. தலையைத் திருப்பினால் பார்வையின் ஓரத்தில் கறுப்புப் பட்டை தெரிகிறது. ஓடுதளம் குதித்துக் குதித்து வருகிறது. பத்து நிமிடத்தில் குமட்டல் வந்துவிடுகிறது. ஒரு காணொளியில் சொன்னபடி மெட்டா செயலியில் ரெசல்யூஷனை உச்சத்தில் வைத்து, 90 ஹெர்ட்ஸ் தேர்ந்தெடுத்து, ஸ்டீம்விஆர் என்ற விஆர் மென்பொருளில் படத்தின் அளவை 150 சதவீதம் கொடுத்திருக்கிறேன். மேகங்களை அல்ட்ராவிலிருந்து லோவுக்குக் குறைத்துப் பார்த்தேன், ஒரு வித்தியாசமும் இல்லை. டாஸ்க் மேனேஜரில் பிராசசர் 35 சதவீதத்தைத் தாண்டவில்லை, ஆகவே அதில் குறை இருக்க முடியாது என்று நினைக்கிறேன். கடைக்காரர் 16 ஜிபி கார்டு போட்டால் சரியாகிவிடும் என்கிறார். அப்பாவிடம் எப்படிக் கேட்பது என்று தயங்கிக்கொண்டிருக்கிறேன். வாங்கலாமா? அல்லது 2024 பதிப்புக்கு மாறினாலே போதுமா?

பதில்:

அப்பாவிடம் இப்போதைக்கு எதுவும் கேட்காதீர்கள். உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது. மீதியை ஒரு மாலைப் பொழுதில் நீங்களே கண்டுபிடித்துவிடலாம். வீடுகளிலும் பயிற்சிக் கூடங்களிலும் சிமுலேட்டர் அமைத்துக் கொடுப்பது என் தொழில். புதிய கார்டு மாட்டிய பிறகும் அதே இருபது பிரேமில் தவித்துக்கொண்டு என்னை அழைப்பவர்கள் உண்டு. அவர்களில் பலர் காணொளியிலிருந்து எண்களை நகலெடுத்தவர்கள். அந்தக் காணொளிக்காரரின் கணினி வேறு, உங்களுடையது வேறு.

முதலில் மேகத்தைப் பார்ப்போம். அல்ட்ராவிலிருந்து லோவுக்கு இறக்கியும் வித்தியாசம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தச் சிமுலேட்டரில் கிராபிக்ஸ் கார்டை மிக அதிகமாக வேலை வாங்குபவற்றில் மேகமும் ஒன்று. அதை அவ்வளவு குறைத்தும் ஒன்றும் மாறவில்லை என்றால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். கிராபிக்ஸ் அமைப்புப் பக்கத்தின் மேற்பகுதியைப் பாருங்கள். மானிட்டருக்கு ஒரு பிரிவு, விஆருக்கு ஒரு பிரிவு என்று இரண்டு தனித்தனியாக இருக்கும். ஒன்றில் செய்த மாற்றம் மற்றதைத் தொடாது. நீங்கள் மானிட்டர் பிரிவில் மேகத்தைக் குறைத்துவிட்டு ஹெட்செட்டை மாட்டியிருந்தால், ஹெட்செட்டுக்குள் பழைய மேகமேதான் மிதந்துகொண்டிருக்கும். சந்தேகமிருந்தால் ஹெட்செட்டை மாட்டி, கன்ட்ரோலும் டேபும் சேர்த்து அழுத்தி விஆருக்குள் சென்று, அங்கிருந்தே அமைப்புப் பக்கத்தைத் திறந்து விஆர் பிரிவைப் பாருங்கள். இரண்டாவது காரணம், தடை கார்டில் இல்லாமல் வேறிடத்தில் இருப்பது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது அந்தக் காணொளி எண்கள். உங்கள் மானிட்டரில் ஒரு பிரேமுக்கு 2560×1440, அதாவது சுமார் 37 லட்சம் புள்ளிகள். க்வெஸ்ட் 2-இல் கண்ணுக்கு 1832×1920 புள்ளிகள், இரண்டு கண்ணுக்கும் சேர்த்து 70 லட்சம். இது திரையின் அளவு மட்டுமே. லென்ஸ் படத்தை வளைத்துக் காட்டும் என்பதால், அந்த வளைவை ஈடுகட்ட மென்பொருள் படத்தை முன்கூட்டியே எதிர்த்திசையில் வளைத்து அனுப்புகிறது. அப்படி வளைக்கும்போது நடுப்பகுதி மங்காமல் இருக்கத் திரையைவிடப் பெரிய படமாக வரைந்துகொள்ள வேண்டும். மெட்டா செயலியின் உச்ச அளவான 5408×2736 அதற்காக வந்தது. அதை மட்டும் கணக்கிட்டாலே 1 கோடியே 48 லட்சம் புள்ளிகள். அதன் தலையில் ஸ்டீம்விஆரின் 150 சதவீதத்தை ஏற்றினால் 2 கோடியே 22 லட்சம். மானிட்டரில் நீங்கள் கேட்டதைப்போல ஆறு மடங்கு வேலை. அதையும் 90 ஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 90 முறை, ஒரு பிரேமை 11.1 மில்லி விநாடிக்குள் முடித்துக்கொடு என்று ஒரு 4060 டிஐ-யிடம் கேட்டிருக்கிறீர்கள். அது இருபதாவது கொடுத்ததே பெரிய விஷயம்.

இதில் ஒரு கண்ணி உண்டு. மெட்டா செயலி, ஸ்டீம்விஆர், சிமுலேட்டருக்குள் இருக்கும் ரெண்டர் ஸ்கேலிங், சிலர் கூடுதலாகத் திறந்து வைக்கும், மெட்டாவின் நுண்ணமைப்புக் கருவியான ஆக்குலஸ் டிபக் டூல் ஆகிய நான்கு இடங்களிலும் படத்தின் அளவை மாற்றலாம். ஒன்று மற்றொன்றைப் பெருக்கிக்கொண்டே போகும். சதவீதத்தின் பொருளும் இடத்துக்கு இடம் மாறும். ஸ்டீம்விஆரில் 150 என்பது மொத்தப் புள்ளிகளின் ஒன்றரை மடங்கு. சிமுலேட்டருக்குள் இருக்கும் ஸ்கேலிங்கோ நீளம், உயரம் இரண்டுக்கும் தனித்தனியே பொருந்தும். அங்கே 150 வைத்தால் இரண்டேகால் மடங்கு, 50 வைத்தால் கால் பங்கு. அதனால் என் வழக்கம், ஒரே ஓர் இடத்தில் மட்டும் அளவை மாற்றுவது. மற்ற எல்லாவற்றையும் இயல்பு நிலைக்குக் கொண்டுவாருங்கள். மெட்டா செயலியில் 1.0, டிபக் டூலில் 0, சிமுலேட்டரில் 100.

ஸ்டீம்விஆரை முழுவதுமாக மூடிவிடுங்கள். உங்கள் ஹெட்செட்டுக்கு அது தேவையே இல்லை. இந்தச் சிமுலேட்டர் ஓப்பன்எக்ஸ்ஆர் என்ற பொது வழியாக ஹெட்செட்டுடன் பேசுகிறது. எந்த நிறுவனத்தின் மென்பொருள் அந்த வழியைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்பதை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். மெட்டா செயலியின் அமைப்புகளில் பொதுப் பிரிவுக்குள் சென்றால், ஓப்பன்எக்ஸ்ஆருக்கு மெட்டாவையே பயன்படுத்தும்படி செய்யும் பொத்தான் இருக்கும். அதை அழுத்துங்கள். இதுவரை சிமுலேட்டர் ஸ்டீம்விஆரிடம் கொடுத்து, ஸ்டீம்விஆர் மெட்டாவிடம் கொடுத்து, மெட்டா ஹெட்செட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. நடுவில் இருந்த ஒருவரை விலக்குகிறோம். சிமுலேட்டரை ஸ்டீம் கடையில் வாங்கியிருந்தாலும் இதையே செய்யலாம்.

அடுத்து 90 ஹெர்ட்ஸை விட்டுவிடுங்கள். 72-க்கு வாருங்கள். துப்பாக்கி விளையாட்டுகளுக்கு 90 வேண்டும், பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் நேராகப் பறக்கும் பயணிகள் விமானத்துக்கு அது வீண். காட்சி மெதுவாக மாறுகிறது, உங்கள் தலை மட்டுமே வேகமாக நகர்கிறது. தலையசைவுக்கு ஈடுகட்டும் வேலையை ஹெட்செட் மென்பொருளே பெரும்பாலும் பார்த்துக்கொள்ளும். 72-இல் ஒரு பிரேமுக்குக் கிடைக்கும் நேரம் 13.9 மில்லி விநாடி. பாதி வேகத்தில், அதாவது 36-இல் ஓட்டினால் 27.8. உங்கள் கணினி எட்டக்கூடிய இலக்கு இந்த 27.8தான். விமானச் சிமுலேட்டரில் சீரான 36, அலைபாயும் 55-ஐவிட நல்லது என்பது என் உறுதியான கருத்து.

சீரான என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. திரையின் மூலையில் தெரியும் எண் ஒரு விநாடியின் சராசரி. ஒரு விநாடியில் 29 பிரேம்கள் தலா 20 மில்லி விநாடியில் வந்து, ஒன்றே ஒன்று மட்டும் 420 மில்லி விநாடி எடுத்துக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். எண் 30 என்று காட்டும். ஆனால் கிட்டத்தட்ட அரை விநாடி உலகம் உறைந்து நின்றிருக்கும். மானிட்டரில் இது எரிச்சல். ஹெட்செட்டுக்குள் இது வயிற்றைப் புரட்டும். ஆகவே சராசரியை விட்டுவிட்டு ஒவ்வொரு பிரேமும் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்க்கப் பழகுங்கள்.

அதைப் பார்க்கும் கருவி சிமுலேட்டருக்குள்ளேயே இருக்கிறது. பொது அமைப்புகளில் டெவலப்பர் பயன்முறையை இயக்கினால் மேலே ஒரு பட்டி தோன்றும். அதில் எஃப்பிஎஸ் காட்டும் வசதியைத் தேர்ந்தெடுங்கள். மானிட்டரின் ஓரத்தில் சிறு பெட்டி ஒன்று வரும். அதில் ‘லிமிட்டட் பை மெயின்த்ரெட்’ அல்லது ‘லிமிட்டட் பை ஜிபியு’ என்று ஒரு வரி இருக்கும். கடைக்காரரிடம் கேட்ட கேள்விக்கான பதில் அந்த வரியில்தான் இருக்கிறது. ஜிபியு என்றால் கிராபிக்ஸ் கார்டு திணறுகிறது, பிராசசர் காத்திருக்கிறது. மெயின்த்ரெட் என்றால் பிராசசர் திணறுகிறது, கார்டு கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது.

அந்த வரியை மட்டும் நம்பாமல் ஒரு சோதனையும் செய்யுங்கள். ஹீத்ரோவில் ஏதாவது ஒரு வாயிலில் ஏ320-ஐ நிறுத்துங்கள். வானிலையைத் தெளிவான வானமாக வையுங்கள், நேரத்தை நண்பகலாக்குங்கள். கன்ட்ரோலுடன் எண் விசைப்பலகையின் 1-ஐ அழுத்தினால் மெட்டாவின் இடைப்பிரேம் வசதி (பிரேம்களுக்கு நடுவே மென்பொருளே ஊகித்து ஒன்றைச் செருகுவது) அணைந்துவிடும். சோதனையின்போது அது அணைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் எண் பாதியில் பூட்டிக்கொண்டு உங்களை ஏமாற்றும். ஆன்ட்டி ஏலியாசிங் (விளிம்புகளின் பிசிறை நீக்கும் அமைப்பு) டிஏஏ என்ற முறையில் இருக்கட்டும். இப்போது விஆர் பிரிவில் ரெண்டர் ஸ்கேலிங்கை 100-இலிருந்து 50-க்கு இறக்குங்கள். கார்டின் புள்ளிச் சுமை கால் பங்காகிவிட்டது. படம் கஞ்சி போல் குழையும், கவலைப்படாதீர்கள். பிரேம் எண்ணிக்கை பாய்ந்து ஏறினால் தடை கார்டில்தான். 26 இருந்தது 28 ஆனால், கார்டுக்கும் உங்கள் பிரச்சினைக்கும் பெரிய தொடர்பில்லை. எவ்வளவு விலை கொடுத்துப் புதிய கார்டு வாங்கினாலும் ஹீத்ரோவில் அந்த 28தான் கிடைக்கும். அதே சோதனையை ஆளில்லாத கடலுக்கு மேலே செஸ்னா 172 என்ற சிறு விமானத்தில் செய்து பாருங்கள். அங்கே முடிவு தலைகீழாக வந்தாலும் வரலாம்.

என் ஊகத்தைச் சொல்லிவிடுகிறேன். காணொளி எண்களை நீக்கும் வரை உங்கள் கார்டு மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. அவற்றை நீக்கியதும் கடலுக்கு மேலே எல்லாம் சரியாகிவிடும். ஹீத்ரோவில் மட்டும் பிராசசர் மாட்டிக்கொள்ளும்.

35 சதவீதம்தானே காட்டுகிறது என்கிறீர்கள். உங்கள் ரைசனில் ஆறு கோர்கள், பன்னிரண்டு இழைகள். டாஸ்க் மேனேஜர் பன்னிரண்டையும் கூட்டிச் சராசரி சொல்கிறது. ஓர் இழை முழுச் சுமையில் தத்தளித்தாலும் மொத்தக் கணக்கில் அது எட்டு சதவீதம்தான். இந்தச் சிமுலேட்டரில் விமானத்தின் இயக்கக் கணக்கு, காக்பிட் திரைகள், மற்ற விமானங்களின் நடமாட்டம், எதை வரைய வேண்டும் என்று கார்டுக்குக் கொடுக்கும் கட்டளைகள் ஆகியவற்றில் பெரும்பகுதி ஒரே முதன்மை இழை (பெட்டியில் காட்டும் மெயின்த்ரெட்) வழியாகப் போகிறது. கல்யாணப் பந்தியில் பரிமாற இருபது பேர் நின்றாலும் சாம்பார் ஒரே அடுப்பிலிருந்து இறங்க வேண்டும் என்றால் இலைகள் காத்துக்கொண்டுதான் இருக்கும். ஹெட்செட்டில் இரண்டு கண்ணுக்கும் வரைய வேண்டியிருப்பதால் கட்டளைகளும் கூடுகின்றன. டாஸ்க் மேனேஜரில் வரைபடத்தின் மேல் வலது சொடுக்கு செய்து ஒவ்வோர் இழையையும் தனித்தனிப் பெட்டியாகக் காட்டச் சொல்லுங்கள், ஓரளவு உண்மை தெரியும்.

நீங்கள் தேர்ந்தெடுத்த பாதையும் லேசுப்பட்டதல்ல. மேற்கிலிருந்து காற்று வீசும் நாட்களில் 27 லெஃப்டுக்கு இறங்குபவர்கள் கிழக்கிலிருந்து லண்டன் நகரத்தின் மேலேயே வருவார்கள். 2021-இல் வந்த பிரிட்டன், அயர்லாந்து மேம்பாட்டில் லண்டன், உண்மைப் படங்களிலிருந்து செய்த முப்பரிமாணக் கட்டடங்களாக மாறியது. அந்தக் கட்டடங்கள் இணையம் வழியாக வந்து விரிந்துகொண்டே இருக்கின்றன. எதிரே உலகின் மிக நெரிசலான விமான நிலையங்களில் ஒன்று தன் வண்டிகளோடும் விமானங்களோடும் நெருங்குகிறது. உங்கள் காக்பிட்டிலோ முழுவதும் கண்ணாடித் திரைகள். மூன்று சுமையும் கடைசி ஐந்து நிமிடத்தில் ஒன்றாக இறங்குகின்றன.

பிராசசர் சுமையைக் குறைக்கும் அமைப்புகள் சில மட்டுமே, ஆனால் அவை வலுவானவை. டெரைன் லெவல் ஆஃப் டீட்டெயில் (நிலப்பரப்பின் நுணுக்க அளவு) 200-இல் இருந்தால் 100-க்கு வாருங்கள். தொலைதூர மலைகள் கொஞ்சம் மொழுக்கென்று தெரியும், க்வெஸ்ட் 2-இன் திரையில் அதை நீங்கள் கவனிக்கவே மாட்டீர்கள். கட்டடம், மரம் போன்ற பொருள்களுக்கான ஆப்ஜெக்ட் லெவலும் 100. விமான நிலைய வண்டிகள், பணியாளர்களின் அடர்த்தியை அடிமட்டத்துக்குக் கொண்டுபோங்கள். நேரலைப் போக்குவரத்தை அணைத்துவிட்டு ஒருமுறை இறங்கிப் பாருங்கள், எவ்வளவு மிச்சமாகிறது என்று தெரிந்துகொண்டு பிறகு வேண்டுமானால் திரும்ப வையுங்கள். காக்பிட் திரைகள் புதுப்பிக்கும் வேகமான கிளாஸ் காக்பிட் ரெஃப்ரெஷ் ரேட்டை நடுத்தரத்தில் வைப்பேன். லோவில் வைத்தால் பிரேம் கூடும், ஆனால் உயரம் காட்டும் பட்டை விக்கி விக்கி நகரும். இறங்கும்போது அதைப் பார்த்துத்தான் விமானத்தைக் கட்டுப்படுத்துகிறோம் என்பதால் அந்த விலை எனக்குக் கட்டுப்படியாகாது. லண்டன் மேல் பறக்கும் நாளில் போட்டோகிராமெட்ரியை (உண்மைப் படங்களிலிருந்து செய்த அந்தக் கட்டடங்களை) அணைத்துவிடலாம்.

இன்னொன்று, காசில்லாத மருந்து. டாஸ்க் மேனேஜரில் நினைவகப் பக்கத்தைத் திறந்து வேகம் எவ்வளவு என்று பாருங்கள். 3200 என்று விற்ற ரேம் 2133 அல்லது 2400 என்று காட்டினால், கடையில் பொருத்தியவர் பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை அமைப்புப் பக்கத்தில்) ரேமை முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி-யை இயக்க மறந்துவிட்டார் என்று பொருள். புதிதாகச் சேர்த்த கணினிகளில் இது அடிக்கடி நடக்கும் சங்கதி. ரைசன் பிராசசர்கள் ரேம் வேகத்தைச் சார்ந்திருப்பவை, இந்தச் சிமுலேட்டரும் அப்படியே. பயாஸுக்குள் சென்று எக்ஸ்எம்பி அல்லது டிஓசிபி என்று இருப்பதை இயக்கினால் போதும். 32 ஜிபி ஒரே குச்சியாக இருக்கிறதா, இரண்டு 16 ஜிபி குச்சிகளாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள். இரண்டாக இருப்பதே நல்லது.

கார்டின் பக்கம் வருவோம். மேகத்தை விஆர் பிரிவில் மீடியத்தில் வையுங்கள், ஹை-க்கு மேலே போக வேண்டாம். பிரதிபலிப்பு, ஆம்பியன்ட் அக்லூஷன் (மூலை முடுக்குகளின் மெல்லிய நிழல்), தொடுநிழல் எல்லாவற்றையும் தயங்காமல் வெட்டுங்கள். அனைசோட்ரோபிக் ஃபில்டரிங்கைத் தொடாதீர்கள், அதற்குச் செலவு குறைவு, ஓடுதளக் கோடுகள் தூரத்தில் தெளிவாக இருக்கும். தலையைத் திருப்பும்போது பக்கவாட்டு நிலப்பரப்பு தாமதமாக முளைத்தால் ஆஃப்ஸ்கிரீன் டெரைன் ப்ரீகேச்சிங்கை ஒரு படி உயர்த்துங்கள்.

உங்கள் கார்டின் உண்மையான பலவீனம் 8 ஜிபி நினைவகம். அது நிரம்பிவிட்டால் மிச்சமுள்ளவை கணினியின் பொது ரேமுக்கு வழிந்து போகும். அங்கிருந்து எடுத்து வர நேரமாகும். அப்போது வருவது சிறிய சரிவாக இருக்காது, 35-இலிருந்து நேரே 7-க்கு விழும். டாஸ்க் மேனேஜரின் ஜிபியு பக்கத்தில் டெடிகேட்டட் மெமரி (கார்டின் சொந்த நினைவகம்) 8-ஐ ஒட்டி நிற்க, ஷேர்டு மெமரி (பொது ரேமிலிருந்து எடுப்பது) ஏறிக்கொண்டே போகிறதா என்று பாருங்கள். அப்படியானால் டெக்ஸ்சர் ரெசல்யூஷனை ஒரு படி இறக்குங்கள். உலாவியை மூடுங்கள், அதுவும் கார்டின் நினைவகத்தில் இடம் பிடிக்கும்.

கறுப்புப் பட்டையைப் பற்றிக் கேட்டீர்கள். அடுத்த பிரேம் நேரத்துக்கு வராதபோது, ஹெட்செட் மென்பொருள் கடைசியாகக் கையிலிருக்கும் படத்தையே உங்கள் தலை திரும்பிய அளவுக்கு நகர்த்திக் காட்டுகிறது. நகர்த்தியதால் ஓரத்தில் காலியாகும் இடத்தில் காட்ட எதுவும் இல்லை. அதுதான் கறுப்பு. 50 மில்லி விநாடிக்கு ஒரு பிரேம் வந்தால் அது தெரியத்தான் செய்யும், 28-க்கு வந்தால் பெரும்பாலும் மறைந்துவிடும். கேபிளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கேபிளோ யுஎஸ்பியோ கோளாறு செய்தால் படம் சதுரம் சதுரமாக உடையும், ஒலி அறுபடும், இணைப்பு துண்டிக்கும். அது வந்தால் மதர்போர்டின் பின்புறத் துளையில் செருகி, மெட்டா செயலியில் இருக்கும் யுஎஸ்பி சோதனையை ஓட்டிப் பாருங்கள். க்வெஸ்டுக்கு வரும் படம் நேரடித் திரை இணைப்பில் வருவதில்லை, கார்டு அதைக் காணொளியாகச் சுருக்கி அனுப்ப, ஹெட்செட் விரிக்கிறது. ஆகவே டிபக் டூலில் பிட்ரேட்டை (விநாடிக்கு அனுப்பும் காணொளித் தரவின் அளவை) 500-க்கு ஏற்றச் சொல்லும் அறிவுரையைப் பின்பற்றியிருந்தால் 0-க்குத் திருப்பிவிடுங்கள். எல்லாம் சரியான பிறகு படிப்படியாக ஏற்றலாம்.

எல்லா நறுக்கலும் முடிந்து, இடைப்பிரேம் வசதி இல்லாமலே ஹீத்ரோவில் 38, 40 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது அந்த வசதியை இயக்குங்கள். சிமுலேட்டர் 36 வரையும், மென்பொருள் இடையிடையே ஊகித்து ஒரு பிரேமைச் செருகி 72 ஆக்கும். கன்ட்ரோலுடன் எண் விசைப்பலகையின் 3-ஐ அழுத்தினால் பாதி வேகத்தில் பூட்டிக்கொள்ளும். டிபக் டூலின் பட்டியலில் அதற்கு 45 என்று எழுதியிருக்கும், 90 ஹெர்ட்ஸ் காலத்துப் பெயர் அது. நீங்கள் 72-இல் இருப்பதால் 36 என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 36-ஐ எட்ட முடியாத கணினியில் இதை இயக்குவது வீண், குதிப்பு இன்னும் மோசமாகும். ஊகம் என்பதால் பிசிறும் இருக்கும். செஸ்னாவில் சுழலும் ப்ரொப்பெல்லரைச் சுற்றி நீர் அலைவதுபோல் காட்சி நெளியும், ஜன்னல் சட்டத்தின் ஓரம் துடிக்கும். ஏ320-க்கு முன்னால் சுழல எதுவும் இல்லை என்பதால் நீங்கள் தப்பித்தீர்கள்.

படத்தைச் சிறிதாக வரைந்து பெரிதாக்கும் டிஎல்எஸ்எஸ் என்ற வசதி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்த காணொளி அதைத்தான் சொல்லப்போகிறது. அது குவாலிட்டி நிலையில் ஒவ்வொரு பக்கத்தையும் மூன்றில் இரண்டு பங்காக வரைந்து பிறகு பெரிதாக்குகிறது. கார்டு தடையாக இருக்கும்போது நல்ல பலன் தரும். மெயின்த்ரெட் தடையாக இருக்கும்போது ஒரு பிரேம்கூடக் கூட்டாது. காக்பிட்டில் ஒரு குறையும் உண்டு. உயரம் மாறும்போது இலக்கங்கள் பின்னால் நிழலை இழுத்துக்கொண்டு உருளும், 3 எது 8 எது என்று ஒரு நொடி குழப்பும். கருவிகளைப் பார்த்துப் பறப்பவர்களுக்கு நான் டிஏஏ-வை 80, 90 ஸ்கேலிங்கில் வைத்துக் கொடுக்கிறேன். ஊர் சுற்றிப் பார்ப்பவர்களுக்கு டிஎல்எஸ்எஸ் போதும்.

குமட்டலை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். கண் அசைவைப் பார்க்கிறது, உள்காது அசைவை உணரவில்லை, இரண்டும் முரண்படும்போது வயிறு கலங்குகிறது. பழகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்ந்தால், பல்லைக் கடிப்பதுதான் பழகும். முதல் அறிகுறி தெரிந்ததுமே கழற்றிவிடுங்கள், அன்றைக்கு அவ்வளவுதான். க்வெஸ்ட் 2-இல் லென்ஸ்களின் இடைவெளி 58, 63, 68 மில்லி மீட்டர் என்று மூன்று படிகளில் மட்டுமே நகரும். உங்கள் கருவிழிகளின் இடைவெளிக்கு மிக அருகில் எது என்று அளந்து வையுங்கள், அண்ணன் வைத்த இடத்திலேயே விட்டிருந்தால் அதுவே பாதித் தலைவலிக்குக் காரணமாக இருக்கும். கழற்றிய ஹெட்செட்டை ஜன்னலோரம் வைக்க வேண்டாம். லென்ஸ் வழியாக விழும் வெயில் திரையைப் பொசுக்கிவிடும்.

இனி செலவுக் கணக்கு. மேலே சொன்ன எல்லாம் செய்த பிறகும் ஹீத்ரோவில் பெட்டி மெயின்த்ரெட் என்றே காட்டினால், மாற்ற வேண்டியது பிராசசர். உங்கள் 5600-இல் எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் அதிவேக நினைவகம்) 32 எம்பி. அதே ஏஎம்4 மதர்போர்டில் பொருந்தும் ரைசன் 7 5700எக்ஸ்3டி பிராசசரில் அது 96 எம்பி. இந்தச் சிமுலேட்டர் கேஷுக்கு அலையும் மென்பொருள், கடிகார வேகம் கூடுவதைவிடக் கேஷ் கூடுவதில்தான் அதற்குப் பலன் அதிகம். மதர்போர்டு மாற்ற வேண்டாம், ரேம் மாற்ற வேண்டாம், பயாஸை மட்டும் புதுப்பித்தபின் மாட்ட வேண்டும். கடையில் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள், கிடைக்காவிட்டால் நல்ல நிலையில் இரண்டாம் கையாகத் தேடலாம். மாறாக எல்லா இடத்திலும் ஜிபியு என்றே காட்டி, ஷேர்டு மெமரியும் வழிந்துகொண்டிருந்தால், கடைக்காரர் சொன்ன 16 ஜிபி கார்டு நியாயமான செலவுதான். அப்போதும் உங்கள் பவர் சப்ளை எத்தனை வாட் என்று பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். கார்டின் விலையை மட்டும் சொல்லிவிட்டு, மாட்டும்போது பவர் சப்ளைக்குத் தனி பில் நீட்டுவது வழக்கம்.

2024 பதிப்பு, பிராசசர் வேலையைப் பல கோர்களுக்குப் பங்கிடுவதில் 2020-ஐவிட மேல். ஆனால் கார்டின் நினைவகத்தை இன்னும் அதிகமாக விழுங்கும். 8 ஜிபி கார்டையும் ஹெட்செட்டையும் வைத்துக்கொண்டு அங்கே போனால், பிராசசர் பிரச்சினையைக் கொடுத்து நினைவகப் பிரச்சினையை வாங்குவீர்கள். 16 ஜிபி கார்டு வரும் வரை 2020-லேயே இருங்கள்.